நினைவைத் தேடும் வேகம்: மீக்கடத்தியும் காந்தமும்

மனிதனின் அறிவுத் தொழிலை இரண்டாகப் பகுத்துக் காண்பது பழைய மரபு. சிந்தித்து ஒரு முடிவுக்கு வருவது ஒன்று. வந்த முடிவை மனத்தில் இருத்தி, வேண்டிய பொழுதில் எடுத்துத் தருவது மற்றொன்று. முன்னதில் வல்லவராய் இருந்தும் பின்னதில் குறையுடையவர் தம் அறிவால் பெரும்பயன் கொள்வதில்லை. கணிப்பொறிக்கும் இவ்வுண்மை முழுமையாகப் பொருந்தும். அதன் உள்ளே கணக்கிடும் பகுதி ஒன்று, நினைவில் வைக்கும் பகுதி ஒன்று என இரண்டு உண்டு. கணக்கிடும் பகுதி எத்துணை விரைவுடையதாயினும், எண்ணைக் கொண்டுவந்து தரும் நினைவகம் தாமதித்தால், அவ்விரைவு வீணே காத்துக் கிடக்கும்.

இன்றைய கணிப்பொறிகளைவிடப் பலமடங்கு விரைவாகவும், மிகச் சிறிதளவு ஆற்றலைக் கொண்டும் கணக்கிடவல்ல மின்சுற்றுகள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. அவை நேற்று இன்று தோன்றியவை அல்ல. அவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு 1962-ஆம் ஆண்டினது. ஆயினும் அவற்றைக் கொண்டு அமைந்த பெரிய கணிப்பொறி ஒன்று இதுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. ஏன்? காரணங்கள் பலவாயினும் தலையாயது ஒன்றே. அவ்வகைக் கணிப்பொறிக்குத் தக்க நினைவகம் கிடைக்கவில்லை. அந்நினைவகத்தைத் தேடிச் சென்ற அறிஞர்கள், இறுதியில் மீக்கடத்தியின் பிறவிப் பகையாகிய காந்தத்தின் வாயிலில் வந்து நிற்கின்றனர். அவ்வரலாற்றையும் அதன் உட்பொருளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

மின்தடை மறைந்த நிலை

செம்புக் கம்பியில் மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறுகிறது. எலக்ட்ரான்கள் அணுக்களோடு மோதி ஆற்றலை இழப்பதே இதற்குக் காரணம். இவ்விழப்பையே மின்தடை என்கிறோம். கம்பியைக் குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை குறையும். முழுமையான குளிர்நிலையை நெருங்கும்போது அது என்னவாகும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களிடையே விவாதத்துக்குரிய வினாவாக இருந்தது.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஹைக்கே காமர்லிங் ஒன்னஸ் என்பார் 1908-ஆம் ஆண்டு ஹீலியம் வாயுவைத் திரவமாக்கிக் காட்டினார். அத்திரவத்தைக் கொண்டு பாதரசத்தைக் குளிர்வித்து, 1911-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் மின்தடையை அளந்தபோது எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸில், மின்தடை சிறிது சிறிதாகக் குறையாமல் திடீரென மறைந்தே போயிற்று. இதுவே மீக்கடத்துத்திறன். அப்பண்புடைய பொருள் மீக்கடத்தி எனப்படும்.

மீக்கடத்தியால் ஆன வளையம் ஒன்றில் மின்னோட்டத்தை ஒருமுறை தொடங்கிவைத்தால், மின்கலம் எதுவுமின்றி அது சுற்றிக்கொண்டே இருக்கும். இவ்வாறு சுற்றும் மின்னோட்டம் தேய்வதற்கு ஓர் இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாத காலம் ஆகும் என்று 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அளவீடு காட்டியது. நினைவகம் பற்றிய நம் பேச்சுக்கு இச்செய்தி இன்றியமையாதது. வளையத்தில் மின்னோட்டம் சுற்றினால் ‘ஒன்று’, சுற்றாவிடில் ‘சுழி’ என்று கொண்டால், அதுவே அழியாத நினைவு அல்லவா?

மீக்கடத்திக்கு மற்றொரு பண்பும் உண்டு. தன்னைச் சூழும் காந்தப் புலத்தை அது தன் உடலுக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளுகிறது. 1933-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வால்தர் மைஸ்னரும் ராபர்ட் ஓக்ஸன்ஃபெல்டும் இதனைக் கண்டறிந்தனர். புலம் வலிமை மிகுந்து ஓர் எல்லையைக் கடக்குமாயின், தோற்பது மீக்கடத்தியே. அதன் மீக்கடத்துத்திறன் அழிந்து, அது சாதாரண உலோகமாகி விடுகிறது. காந்தமும் மீக்கடத்தியும் ஓரிடத்தில் இணங்கி வாழா என்பது அந்நாளிலேயே உறுதிப்பட்டது.

பகையே கருவியாதல்

இப்பகையைக் கணக்கிடும் கருவியாக மாற்றலாம் என்று முதலில் கண்டவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டட்லி பக் என்ற இளம் பொறியாளர். டான்டலம் கம்பி ஒன்றின் மீது நியோபியம் கம்பியைச் சுருளாகச் சுற்றித் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தினார். இரண்டும் மீக்கடத்திகளாகின்றன. சுருளில் மின்னோட்டம் செலுத்தினால் அதன் காந்தப் புலம் உள்ளிருக்கும் டான்டலத்தின் மீக்கடத்துத்திறனை அழிக்கிறது. மின்னோட்டத்தை நிறுத்தினால் அது மீள்கிறது. ஒரு மின்னோட்டம் மற்றொன்றைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. கணிப்பொறிக்கு வேண்டிய சாவி இதுவே. இதற்குக் கிரையோட்ரான் என்று பெயரிட்டு 1956-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் க்ரோ, மீக்கடத்திப் படலத்தில் சிறைப்பட்ட காந்தப் பாயத்தைக் கொண்டு நினைவகம் அமைக்கும் முறையை வெளியிட்டார். பக் 1959-ஆம் ஆண்டில், தமது முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். கிரையோட்ரானும் சிலிக்கான் டிரான்சிஸ்டரின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கியது.

கிரையோட்ரான் மெதுவானது என்பதே அதன் குறை. ஒரு பொருளை மீக்கடத்தும் நிலையிலிருந்து சாதாரண நிலைக்கும், மீண்டும் பழைய நிலைக்கும் முழுதாக மாற்றுவதற்குக் காலம் பிடிக்கும். அப்பொருளை மாற்றாமலேயே சாவியை இயக்கும் வழி வேண்டியிருந்தது. அவ்வழி 1962-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிறந்தது.

ஜோசப்சன் சந்தி

மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் தனித்தனியே செல்வதில்லை. இரண்டிரண்டாக இணைந்து செல்கின்றன. 1957-ஆம் ஆண்டில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் இதனை நிறுவினர். இவ்விணைகள் அனைத்தும் ஒரே அலையின் உறுப்புகளைப் போல ஒருமித்து இயங்குகின்றன. அலை என்றால் அதற்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஓரிடத்தில் அலை ஏற்றத்தில் உள்ளதா, இறக்கத்தில் உள்ளதா என்பதைக் குறிக்கும் அளவைக் கட்டம் என்பர். இச்சொல்லை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இதுவே நமக்கு முதன்மையாகும்.

இரண்டு மீக்கடத்திகளுக்கு இடையே ஒரு நானோமீட்டர் அளவில் மெல்லிய மின்கடத்தாப் படலத்தை வைத்தால், எலக்ட்ரான் இணைகள் மின்னழுத்தம் ஏதுமின்றியே அதனை ஊடுருவிச் செல்லும் என்று பிரையன் ஜோசப்சன் 1962-இல் கணித்துக் கூறினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. மறு ஆண்டே சோதனை அதனை மெய்ப்பித்தது. 1973-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இவ்வமைப்பே ஜோசப்சன் சந்தி. குறிப்பிட்ட ஓர் அளவு வரை அதில் மின்னோட்டம் தடையின்றிச் செல்லும். அவ்வளவைக் கடந்தவுடன் சந்தியில் மின்னழுத்தம் தோன்றும். இம்மாற்றத்துக்கு ஆகும் காலம் ஓரிரு பிக்கோ வினாடிகளே. பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியை ஓர் இலட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு.

1985-ஆம் ஆண்டில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிக்காரெவ், முகானோவ், செமெனோவ் ஆகியோர் இச்சந்தியைப் பயன்படுத்தும் புதுமுறையை வகுத்தனர். மீக்கடத்தி வளையத்துக்குள் காந்தப் பாயம் விரும்பிய அளவில் நுழைவதில்லை. ஒரு குறிப்பிட்ட மிகச்சிறு அளவின் முழு மடங்குகளாகவே நுழையும். அச்சிறு அளவே பாயக் குவாண்டம். அதன் சிறுமையை இவ்வாறு உணரலாம். நாம் வாழும் புவியின் காந்தப் புலத்தில், பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறு மைக்ரான் கொண்ட சதுரத்தினூடே செல்லும் பாயம்தான் ஒரு குவாண்டம். தலைமயிரின் தடிமனில் அப்பக்கம் பத்தில் ஒரு பங்கு. ஒரு சந்தி ஒருமுறை துடித்தால் ஒரு பாயக் குவாண்டம் அதனைக் கடந்து செல்கிறது. அத்துடிப்பு வந்தால் ‘ஒன்று’, வராவிடில் ‘சுழி’.

இம்முறையில் அமைந்த ஒரு சிறு சுற்று, 1999-ஆம் ஆண்டில் வினாடிக்கு 77,000 கோடி முறை துடித்து இயங்கியது. நம் மேசைமேல் உள்ள கணிப்பொறியின் துடிப்பு வினாடிக்குச் சில நூறு கோடி அளவினதே. அது ஒரு சிறு சுற்றின் சாதனைதான். பெரிய சுற்றுகள் அத்துணை விரைவில் இயங்கா. ஆயினும் வினாடிக்கு ஐயாயிரம் கோடித் துடிப்புகள் என்பது எட்டக்கூடிய இலக்காயிற்று.

சிந்தனை உண்டு, நினைவு இல்லை

இத்துணை விரைவு கைவந்த பின்னும் கணிப்பொறி வராமைக்குக் காரணம் என்ன? ஐபிஎம் நிறுவனம் ஜோசப்சன் சந்திகளைக் கொண்டு கணிப்பொறி அமைக்கும் பெருந்திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தி, 1983-ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. விரைவான நினைவகச் சில்லு எதிர்பார்த்தபடி அமையாமையும், அதற்குள் சிலிக்கான் சில்லுகள் பெற்ற வளர்ச்சியும் அம்முடிவுக்கு முதன்மையான காரணங்கள்.

வளையத்தில் சுற்றும் மின்னோட்டம் அழியாத நினைவு என்று முன்னர்க் கண்டோம். அதில் குறை எங்கே? இடத்தில் உள்ளது. ஒரு பாயக் குவாண்டத்தைப் பிடித்து வைக்க வேண்டுமாயின், வளையத்தின் மின்தூண்டலும் அதிலோடும் மின்னோட்டமும் பெருகி வரும் தொகை அக்குவாண்டத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். மின்னோட்டத்தை ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்காகக் கொண்டால், வளையம் பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட அகலத்தைக் கேட்கிறது. இது செய்முறைத் திறனின் குறையன்று; இயற்கை வகுத்த கணக்கு. நுண்ணிய கோடுகளை வரையும் கலை எத்துணை வளர்ந்தாலும், குவாண்டத்தின் அளவை எவராலும் குறைக்க இயலாது.

இதன் விளைவை எண்களில் காண்போம். இன்றைய சிலிக்கான் நினைவகத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பிட்டுகளை அடக்குகின்றனர். வளையங்களால் ஆன மீக்கடத்தி நினைவகத்தில் அதே இடத்தில் அடங்குவன சில ஆயிரம். மிக நுட்பமாகச் செய்தால் பத்தாயிரம் அளவு. ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர்கள் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவகச் சில்லு, 380 பிக்கோ வினாடியில் விடை தந்தது. அதன் விரைவு வியப்புக்குரியது. கொள்ளளவோ நாலாயிரத்துச் சொச்சம் பிட்டுகள். கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளைப் பதியும் இன்றைய முறையில், இக்கட்டுரையின் இரண்டு மூன்று வரிகளோடு அது நிரம்பிவிடும்.

அப்படியானால் நினைவகத்தை மட்டும் சிலிக்கானிலேயே செய்து, குளிர்கலத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாகாதா என்று வாசகர் வினவக்கூடும். நல்ல வினாவே. வினாடிக்கு ஐயாயிரம் கோடித் துடிப்பு எனில், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே இருபது பிக்கோ வினாடிகளே உள்ளன. அக்கால அளவில் கம்பியில் செல்லும் குறிப்பு நான்கு மில்லிமீட்டர் தொலைவே கடக்கும். ஒரு மீட்டர் தொலைவில் நினைவகம் இருந்தால், கேட்டுப் பெறுவதற்குள் ஐந்நூறு துடிப்புகள் வீணாகும். மேலும், சந்தி தரும் மின்னழுத்தம் ஒரு மில்லி வோல்ட் அளவினது. சிலிக்கான் கேட்பதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். உரத்த குரலுக்கே செவிசாய்ப்பவரிடம் மெல்லிய குரலால் பேசுவது போன்றது இது. வெளியிலிருந்து உள்ளே செல்லும் கம்பி ஒவ்வொன்றும் வெப்பத்தையும் கூடவே சுமந்து செல்லும் என்பது பிறிதோர் இடர். சிலிக்கான் நினைவகத்தையே குளிர்கலத்துக்குள் வைத்து, ஜோசப்சன் சந்திகளோடு இணைக்கும் கலப்பு முறையையும் முயன்றுள்ளனர். 2013-ஆம் ஆண்டில் 64 கிலோபிட் அளவுள்ள அத்தகைய நினைவகம் ஒன்று வெளிவந்தது. ஆயினும் குரலை உயர்த்தும் செலவு அதில் நீங்கவில்லை.

காந்தத்தை உள்ளே அழைத்தல்

கணிப்பொறியின் வரலாற்றில் இத்தகைய நெருக்கடி முன்னரும் ஒருமுறை நேர்ந்ததுண்டு. மாசசூசெட்ஸில் அமைக்கப்பட்ட வேர்ல்விண்ட் என்னும் தொடக்க காலக் கணிப்பொறி, விரைவாகக் கணக்கிட்டும் நம்பத்தக்க நினைவகம் இன்றித் தவித்தது. அதன் நினைவுக் குழாய்கள் விலை மிக்கவை, அடிக்கடி பழுதாகுபவை. 1953-ஆம் ஆண்டில் சிறு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து அமைத்த நினைவகம் அக்குறையைத் தீர்த்தது. ஒரு காந்தம் இப்பக்கம் நோக்கினால் ‘ஒன்று’, அப்பக்கம் நோக்கினால் ‘சுழி’. மின்சாரம் நின்றாலும் காந்தம் தன் திசையை மறப்பதில்லை. மேலும் அது மிகச் சிறியதாகவும் இருக்கலாம். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள காந்தத் துகளும் தன் திசையைக் காத்து நிற்கும். வளையத்துக்கு இயற்கை விதித்த அளவுக் கட்டுப்பாடு காந்தத்துக்கு இல்லை.

ஆதலால், காந்தத்தையே மீக்கடத்திச் சுற்றுக்குள் நினைவாக வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. ஆனால் காந்தம் மீக்கடத்தியின் பகை அல்லவா? அப்பகையின் தன்மையைச் சற்று உற்று நோக்க வேண்டும். எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி என்னும் பண்பு உண்டு. மீக்கடத்தியில் இணை சேரும் இரண்டு எலக்ட்ரான்களும் எதிரெதிர்த் தற்சுழற்சி உடையவை. காந்தமோ எல்லாத் தற்சுழற்சிகளையும் ஒரே பக்கம் திருப்ப முயல்வது. எனவே காந்தத்துக்குள் நுழையும் இணை விரைவில் பிரிந்துவிடும். ஆயினும் உடனே பிரிந்துவிடுவதில்லை. காந்தப் படலம் ஒரு சில நானோமீட்டர் தடிமனே உடையதாயின், இணைகளில் ஒரு பகுதி உயிர்தப்பி மறுபக்கம் சேரும்.

அவ்வாறு கடந்து வரும் இணை, சென்றது போலவே திரும்புவதில்லை. எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களும் காந்தத்துக்குள் வெவ்வேறு உந்தத்தோடு செல்வதால், இணையின் அலை வழிநெடுகக் கட்டம் மாறிக்கொண்டே வருகிறது. படலத்தின் தடிமனைத் தக்கவாறு அமைத்தால், மறுபக்கத்தில் அலை முற்றிலும் தலைகீழாகி வெளிப்படும். ஏற்றம் இறக்கமாகவும் இறக்கம் ஏற்றமாகவும் மாறிவிடும். அரை வட்ட அளவு கட்டம் மாறிய இச்சந்தியைப் பை-சந்தி என்பர். இத்தகைய சந்தி அமையக்கூடும் என்று சோவியத் அறிஞர் புலாயெவ்ஸ்கியும் உடனுழைத்தோரும் 1977-ஆம் ஆண்டிலேயே கூறினர். மாஸ்கோவுக்கு அண்மையிலுள்ள செர்னோகோலோவ்காவில் ரியாசனோவின் குழுவினர், செம்பும் நிக்கலும் கலந்த மென்காந்தப் படலத்தைக் கொண்டு 2001-ஆம் ஆண்டில் அதனைச் சோதனையில் காட்டினர். கோட்பாட்டிலிருந்து சோதனைக்கு வருவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

நினைவகத்துக்கு இன்னும் ஒரு படி வேண்டும். கட்டம் மாறிய சந்தி, மாறாத சந்தி என இரண்டு சந்திகள் இருந்தால் போதாது. ஒரே சந்தி நம் விருப்பப்படி இரு நிலைகளுக்கும் மாறவேண்டும். இதற்கு இரண்டு காந்தப் படலங்களை அடுக்கினர். ஒன்று எளிதில் திசை மாறாதது. மற்றொன்று எளிதில் மாறுவது. இரண்டும் தனித்தனியே அலையைக் கால் வட்ட அளவு திருப்புவன என்று கொள்வோம். இரண்டு காந்தங்களும் ஒரே திசையை நோக்கினால், கால் வட்டமும் கால் வட்டமும் கூடி அரை வட்டமாகும், அலை தலைகீழாகும். இரண்டும் எதிரெதிர்த் திசையை நோக்கினால், முதற்படலம் திருப்பியதை இரண்டாம் படலம் மீட்டுவிடும். அலை மாற்றமின்றி வெளிவரும். மென்மையான காந்தத்தைத் திருப்புவதன் மூலம் சந்தியின் கட்டத்தையே மாற்றலாம் என்பது இதன் பொருள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் பர்ஜின் குழுவினர், நிக்கலும் நிக்கல்-இரும்புக் கலவையும் கொண்ட சந்தியில் இதனைச் செய்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

படிக்கும் முறையும் நயமானது. காந்தச் சந்தியைச் சாதாரணமான இரண்டு ஜோசப்சன் சந்திகளோடு ஒரு வளையத்தில் இணைக்கின்றனர். படிக்கும்போது துடிப்பவை அவ்விரு சந்திகளே. காந்தச் சந்தி அசையாமல் இருக்கும். அதன் கட்டம் எவ்வாறுள்ளதோ அதற்கேற்ப அவ்விரண்டும் துடிக்கும், அல்லது துடியா. எனவே காந்தத்தைத் தொடாமலேயே அதன் நினைவைப் படித்தறியலாம். படித்ததால் நினைவு கலைவதுமில்லை. இவ்வகை நினைவகச் சிற்றறை இயங்குவதை நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டில் செய்து காட்டினர். அமெரிக்க உளவு அமைப்புகளுக்கான உயர் ஆய்வு முகமை 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய மீக்கடத்திக் கணிப்பொறித் திட்டத்தில், கணக்கிடும் பகுதிக்கு இணையாக நினைவகத்துக்கும் தனிப் பிரிவு வகுத்திருந்தனர் என்பது, குறை எங்கே என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்ததைக் காட்டும்.

எழுதுவதில் உள்ள இடர்

படிப்பது எளிதாயிற்று, எழுதுவது எளிதாகவில்லை. காந்தத்தைத் திருப்ப அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டம் செலுத்திப் புலத்தை உண்டாக்க வேண்டும். பிக்கோ வினாடிகளில் இயங்கும் சந்திக்கு முன்னே, காந்தம் திரும்புவதற்கு அதனினும் பன்மடங்கு காலம் ஆகிறது. ஒரு காந்தத்தைத் திருப்பும் புலம் பக்கத்திலுள்ள காந்தத்தை அசைத்துவிடாமலும் காக்க வேண்டும். படலத்தின் தடிமன் கூடினாலும் குறைந்தாலும் கட்டம் பிறழக்கூடும். ஒரு சிற்றறையில் இயலுவதை, இலட்சக்கணக்கான சிற்றறைகளில் ஒன்றுபோல் செய்வதே உண்மையான சோதனை. அச்சோதனை இன்னும் முடியவில்லை.

ஆகவே வேறு வழிகளையும் நாடுகின்றனர். காந்தப் புலத்தைத் தவிர்த்து, தற்சுழற்சிகளை ஒருமுகப்படுத்திய எலக்ட்ரான்களைச் செலுத்தியே காந்தத்தைத் திருப்புவது ஒரு வழி. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், இவ்வழியில் எழுதும் காந்தச் சிற்றறையைத் தேர்ந்தெடுக்கும் சாவியாக அமைந்தது மீக்கடத்திக் கிரையோட்ரான். மீக்கடத்தும் நுண்கம்பியைச் சிறிது வெப்பத்தால் சாதாரண நிலைக்கு மாற்றும் புதிய வடிவம் அது. பக் கொடுத்த பெயரும் அவர் கொண்ட கருத்தும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் நினைவகத்துக்கே துணையாக மீண்டன. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மீக்கடத்திப் படலத்துக்குள் புகும் தனியொரு காந்தச் சுழலையே ஒரு பிட்டாகக் கொள்ளும் முறையை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

குளிரின் கணக்கு

இத்துணை முயற்சிக்குத் தகுந்த பயன் உண்டா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்னாட்டு ஆற்றல் முகமையின் மதிப்பீட்டின்படி, உலகின் தரவு மையங்கள் 2024-ஆம் ஆண்டில் பயன்படுத்திய மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். உலக மின்நுகர்வில் சுமார் ஒன்றரை விழுக்காடு. அத்தொகை ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறது. அதில் நினைவகத்துக்கும் கணக்கிடும் பகுதிக்கும் இடையே எண்களைச் சுமந்து திரிவதற்கும் ஒரு பங்கு செல்கிறது. ஒரு கூட்டலைச் செய்வதற்கு ஆகும் ஆற்றலைவிட, கூட்டவேண்டிய எண்ணைத் தனி நினைவகச் சில்லிலிருந்து எடுத்து வருவதற்குப் பல நூறு மடங்கு ஆற்றல் ஆகிறது.

ஜோசப்சன் சந்தி ஒருமுறை துடிக்கச் செலவாகும் ஆற்றல், இன்றைய டிரான்சிஸ்டர் சுற்றின் ஓர் உறுப்பும் அதன் கம்பியும் செலவிடுவதில் சில நூற்றில் ஒரு பங்கு முதல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வரையே. ஆனால் குளிர் இலவசமாகக் கிடைப்பதில்லை. 4.2 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, குறையற்ற இயந்திரத்துக்கும் அறை வெப்பநிலையில் எழுபது வாட் வேண்டும் என்பது இயற்கை விதி. உண்மையான இயந்திரங்கள் சில நூறு முதல் ஆயிரம் வாட் வரை கேட்கின்றன. சந்தியில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியைக் குளிர்ப்பெட்டி வாங்கிக்கொள்கிறது. மிஞ்சுவதை நினைவகமும் விழுங்கிவிடுமாயின், இம்முயற்சியால் ஒரு பயனுமில்லை. ஆதலின் குளிர்கலத்துக்குள்ளேயே, மிகக் குறைந்த செலவில் இயங்கும் நினைவகம் அமைந்தாலன்றி இக்கணக்கு நேராகாது.

குளிர் கேட்கும் விலைக்கு ஈடாக ஒன்றைத் தரவும் செய்கிறது. அறை வெப்பநிலையில் காந்தத்தின் திசையைக் கலைக்க முயல்வது வெப்ப அசைவு. அதனைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் நினைவைக் காக்கவே காந்தத்தை வலியதாகச் செய்கிறோம். வலியதைத் திருப்ப மிகுந்த ஆற்றல் வேண்டும். 4.2 கெல்வினில் வெப்ப அசைவு அறையில் உள்ளதில் எழுபதில் ஒரு பங்கே. எனவே எழுபதில் ஒரு பங்கு வலிமையுள்ள மென்காந்தமும் அங்கே தன் நினைவைக் காக்கும். அதனைத் திருப்பவும் குறைந்த ஆற்றல் போதும். குளிர்விக்க எழுபது கேட்ட இயற்கை, காந்தத்தின் வழியே அதே எழுபதைத் திருப்பித் தரும் வாயிலையும் திறந்து வைத்துள்ளது. அவ்வாயிலில் முழுமையாக நுழைவதற்கான கைத்திறனே இன்னும் கூடவில்லை.

இவ்வகை நினைவகம் நாளை நம் கைப்பேசியில் வந்து அமரப்போவதில்லை. திரவ ஹீலியத்தின் குளிரைச் சட்டைப்பையில் சுமக்க இயலாது. அது வருமாயின், முதலில் வருவது பெருங்கணிப்பொறிக் கூடங்களுக்கும், ஏற்கெனவே அதனினும் கடுங்குளிரில் இயங்கிவரும் மீக்கடத்திக் குவாண்டம் கணிப்பொறிகளின் துணைக்குமே. அங்கும் அது ஆய்வுக்கூடத்தின் வாயிலை இன்னும் கடக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விரைவைக் கையில் வைத்துக்கொண்டு நினைவைத் தேடி அலையும் இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. கணிப்பொறியின் திறனை அதன் துடிப்பின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது முறையாகாது. அது எவ்வளவை நினைவில் வைக்கிறது, வைத்ததை எவ்வளவு செலவில் எடுத்துத் தருகிறது என்பதே இறுதி அளவுகோல். அவ்வளவுகோலில் தேறும் நாள் வரை, உலகின் மிக விரைவான சாவி தன் நினைவுக்காகக் காத்திருக்கும்.